பண்ணைப் பட்டறைக்கு ஒரு பழைய லேத்: பார்த்து வாங்கலும் சீர்செய்தலும்

பயிர் தண்ணீருக்கு ஏங்கி நிற்கும் நாளில்தான் பம்புசெட்டு பழுதாகும் என்பது உழவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. பழுது பெரியதாக இருப்பதில்லை. ஒரு புஷ் தேய்ந்திருக்கும், ஒரு ஸ்லீவ் வரி விழுந்து தண்ணீர் கசியும், அல்லது உழுகலப்பையின் ஒரு பின் அறுந்திருக்கும். பொருளின் விலை சிறியது. ஆனால் அதைக் கடைந்து வாங்க நகரத்து லேத் பட்டறைக்குப் போய், முறை வரும்வரை காத்திருந்து, அளவு சரியில்லை என்றால் மறுபடியும் போய் வருவதற்குள் மூன்று நாள் கழிந்துவிடும். அந்த மூன்று நாளில் பயிர் வாடிவிடுகிறது.

இதனால் கருவிகளில் பழக்கமுள்ள உழவர்கள் சிலர் பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டுப் பட்டறையில் நிறுத்துகின்றனர். நல்ல எண்ணமே. எனினும், அறியாமல் வாங்கினால் அது கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பாகிவிடும். எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியதை எவ்வாறு சீர்செய்ய வேண்டும், எந்த வேலையை அதில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய லேத்தை ஏன் கருத வேண்டும்?

மரை வெட்டும் லேத்தை இன்றைய அமைப்பிற்குக் கொண்டுவந்தவர் ஹென்றி மாட்ஸ்லி என்ற ஆங்கிலேயர். சுமார் 1800-ஆம் ஆண்டில் அவர் அமைத்த முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆகவே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வார்த்த லேத்தும், தேய்மானம் அதிகமில்லை என்றால், இன்று அதே வேலையைச் செய்யும். வார்ப்பிரும்புத் தளம் காலத்தால் கெடுவதில்லை, தேய்வதால்தான் கெடுகிறது.

நம் பகுதியில் பழைய லேத் கிடைப்பதும் அரிதன்று. கோயம்புத்தூரில் 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும், பெங்களூரில் 1953-ல் நிறுவப்பட்ட எச்.எம்.டி. நிறுவனமும் லேத்துகள் செய்தவை. பஞ்சாபின் பட்டாலா, லூதியானா, குஜராத்தின் ராஜ்கோட் ஆகிய ஊர்களில் செய்த லேத்துகளும் இங்கு ஏராளமாக வந்துள்ளன. ஆலைகளும் வார்ப்பகங்களும் கணினியால் இயங்கும் இயந்திரங்களுக்கு மாறும்போது, கையால் இயக்கும் பழைய லேத்துகள் விற்பனைக்கு வருகின்றன.

நம் நாட்டில் லேத்தைத் தளத்தின் நீளத்தைச் சொல்லி விற்பது வழக்கம். பண்ணை வேலைக்கு நாலரை அடி லேத் போதும். நீண்ட ஷாப்ட் வேலை இருந்தால் ஆறு அடி லேத் வேண்டும். அதற்கு மேல் பெரியதை வாங்கினால் இடமும் மின்சாரமும் வீணாகும்.

வாங்கும் முன் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை லேத் பட்டறைக்குச் சென்றீர்கள், ஒவ்வொரு முறையும் கூலி எவ்வளவு, போக்குவரத்துச் செலவு எவ்வளவு, பாசனம் எத்தனை நாள் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறுபுறம் லேத்தின் விலை, ஏற்றி இறக்கும் கூலி, கான்கிரீட் தளம், மின் இணைப்பு, சக், வெட்டுளிகள், அளவுக் கருவிகள் ஆகியவற்றின் செலவை எழுதுங்கள். அளவுக் கருவிகளையும் வெட்டுளிகளையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. இவை இல்லாத லேத், கொழு இல்லாத கலப்பையைப் போன்றது.

ஆண்டுக்கு இரண்டு மூன்று வேலைகளே இருக்குமானால் தனியாக லேத் வாங்குவது கட்டுப்படியாகாது. அண்டைத் தோட்டத்தார் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு லேத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இயக்குகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும். பல கை பட்ட லேத் விரைவில் கெடும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் தொழில் இரண்டாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அப்படிப்பை முடித்த இளைஞர் ஊரில் இருந்தால் அவரைச் சேர்த்துக்கொள்வது மிகவும் நல்லது.

பார்த்து வாங்கும் முறை

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, லேத் வாங்குகிறவர் தளத்தையும் ஸ்பிண்டிலையும் சோதித்துப் பார்க்க வேண்டும். புதிதாக அடித்த பச்சைப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். லேத்தில் மற்ற எல்லாப் பாகத்தையும் மாற்றலாம், செய்து போடலாம். தளமும் ஸ்பிண்டிலும் கெட்டிருந்தால் சீர்செய்யும் செலவு லேத்தின் விலையையே மிஞ்சிவிடும்.

1. தளம்: வெட்டுளியைத் தாங்கும் சாடில், பெட் எனப்படும் நீண்ட தளத்தின் தண்டவாளங்களின் மேல் நகர்கிறது. பெரும்பாலான வேலை சக்குக்கு அருகிலேயே நடப்பதால், தேய்மானமும் அங்கேதான் மிகுதி. சாடில் செல்லாத, சக்குக்கு அடியிலுள்ள பகுதியையும், சாடில் செல்லும் பகுதியையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். படி போன்ற மேடு நகத்தில் தட்டினால் தேய்மானம் உண்டு. அடுத்து, சாடிலைச் சக்குக்கு அருகில் நிறுத்தி, அதன் பூட்டுத் திருகைச் சற்றே இறுகும்படி திருகிக்கொண்டு, மறுகோடிக்குத் தள்ளுங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால் முன்பகுதி நன்றாகத் தேய்ந்துள்ளது என்று பொருள். சற்றே கனமாகி நகர்ந்தால் பண்ணை வேலைக்குப் போதும். தளத்தில் வெடிப்போ வெல்டிங் செய்த தழும்போ இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

2. ஸ்பிண்டில்: சக்கில் இரண்டடி நீளமுள்ள உறுதியான மரக்கட்டையைப் பிடித்து, மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் பாருங்கள். டயல் கேஜ் இருந்தால் அதன் முனையை ஸ்பிண்டிலின் மேல் வைத்து ஆட்டத்தை அளக்கலாம். புஷ் வகை பேரிங்கில் எண்ணெய்ப் படலத்திற்கு இடம் வேண்டுமாதலால் 0.03 மி.மீ. அளவில் ஆட்டம் இருப்பது குற்றமன்று. ஆட்டம் கூடுதலாக இருந்தாலும், ஸ்பிண்டிலின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்யலாம். ஸ்பிண்டிலில் ஆழமான வரிகள் விழுந்திருந்தால் வேண்டாம்.

3. பற்சக்கரங்கள்: எல்லா வேகங்களிலும், பின்புறப் பற்சக்கரத்தைச் சேர்த்தும் விலக்கியும், முதலில் கையாலும் பின்னர் மின்சாரத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை டக்கென்று ஒலித்தால் ஒரு பல் உடைந்திருக்கலாம்.

4. கைப்பிடிகளின் வெற்றுச் சுற்று: கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திருப்பினால், ஸ்லைடு நகருமுன் சிறிது தூரம் வெறுமனே சுற்றும். கால் சுற்று வரை வெறுமனே சுற்றினாலும் அஞ்ச வேண்டாம். உள்ளே உள்ள வெண்கல நட் தேய்ந்திருக்கும். அதைப் புதிதாகச் செய்து போடலாம். அதுவரை எப்போதும் ஒரே பக்கமிருந்து திருப்பி அளவுக்கு வந்தால் பிழை நேராது.

5. உடன்வரும் பொருள்கள்: மூன்று தாடைச் சக், நான்கு தாடைச் சக், முகத்தட்டு, சென்டர்கள், ஸ்டெடி, மரை வெட்டும் மாற்றுப் பற்சக்கரங்கள் ஆகியவை உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். இவற்றைத் தனித்தனியே தேடி வாங்கினால் செலவு மிகும்.

அங்குல லேத்தும் மெட்ரிக் அளவும்

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்தே நம் நாட்டில் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய லேத்துகள் பலவும் அங்குல அளவில் அமைந்தவை. டயலில் ஒரு கோடு என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. ஷாப்டின் விட்டத்தில் 1 மி.மீ. குறைக்க வேண்டுமானால் வெட்டுளி அரை மி.மீ. முன்னே செல்ல வேண்டும். அதற்கு ஏறத்தாழ 20 கோடுகள் நகர்த்த வேண்டும். சில லேத்துகளில் டயல் விட்டக் குறைவையே நேராகக் காட்டும். ஒரு துண்டைக் கடைந்து அளந்து, உங்கள் லேத் எவ்வகை என்பதை முதலில் தெரிந்துகொண்டு சுவரில் எழுதி வையுங்கள்.

அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பற்கள் கொண்ட சக்கரம் தேவை. 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127 வருவதே இதன் காரணம். எடுத்துக்காட்டாக, லீட் ஸ்குரூவில் அங்குலத்திற்கு 4 மரைகள் இருந்து, 1.5 மி.மீ. இடைவெளியுள்ள மரை வேண்டுமானால், ஓட்டும் சக்கரத்திற்கும் ஓடும் சக்கரத்திற்கும் உள்ள விகிதம் 30-க்கு 127 ஆகும். வாங்கும்போதே இந்தச் சக்கரம் உள்ளதா என்று கேளுங்கள்.

ஏற்றி இறக்குதல்

நாலரை அடி லேத்தும் பல நூறு கிலோ எடையுள்ளது. அதன் பளு மேற்புறத்திலும் தலைப்பக்கத்திலும் இருப்பதால் எளிதில் கவிழும். சாடிலையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளி இறுக்கிவிட்டு, கயிற்றைத் தளத்தின் அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். லீட் ஸ்குரூவைச் சுற்றிக் கயிறு கட்டினால் அது வளைந்துவிடும். தரையில் நகர்த்தக் குழாய்த் துண்டுகளை உருளையாகக் கொடுத்துக் கடப்பாரையால் தள்ளலாம். சாய்ந்த லேத்தைக் கையால் தாங்கிப் பிடிக்க யாரும் முயலக் கூடாது; விலகி நிற்க வேண்டும்.

இடம் அமைத்தல்

உர மூட்டைகள் அடுக்கிய அறையில் லேத்தை வைக்கவே கூடாது. பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடும், யூரியா, அம்மோனியம் சல்பேட் ஆகியவற்றின் தூளும் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து இரும்பை அரிக்கும். மாட்டுக் கொட்டகையில் எழும் அம்மோனியா, பித்தளை, வெண்கலப் பாகங்களைக் கெடுக்கும். காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள, மழைச்சாரல் படாத இடம் தேவை. தரையில் 15 செ.மீ. கனத்திற்குக் கான்கிரீட் போட்டு, நன்கு இறுகிய பின் லேத்தை நிறுத்த வேண்டும்.

வேளாண் பம்புசெட்டுக்கு வழங்கிய இணைப்பிலிருந்து லேத்தை ஓட்டக் கூடாது, அது விதிமீறலாகும். பட்டறைக்கு உரிய இணைப்பை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். நாலரை அடி லேத்துக்கு 1 குதிரைத்திறன் மோட்டார் போதும். மும்முனை மின்சாரம் இல்லாத இடத்தில் ஒருமுனை மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். நில இணைப்பும், மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும், கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தானும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சுத்தம் செய்தல்

பழைய லேத்தின் கோளாறுகளில் பாதி, காய்ந்த எண்ணெயும் அழுக்குமே. ஆகையால் எதையும் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும்.

பாகங்களைக் கழற்றுமுன் ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பகுதியின் திருகுகளையும் தகடுகளையும் ஒரே டப்பாவில் இட்டுப் பெயர் எழுதுங்கள். வராத பாகத்தைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பூச்சுக்கு அடியில் ஒரு திருகோ டேப்பர் பின்னோ மறைந்திருக்கும். டேப்பர் பின்னைச் சிறிய முனையின் பக்கமிருந்தே தட்டி எடுக்க வேண்டும். தட்டும்போது இடையில் பித்தளை அல்லது மரத்துண்டைக் கொடுங்கள்.

அழுக்கை மண்ணெண்ணெய் அல்லது டீசலில் ஊறவைத்து, மரச்சீவலாலும் தூரிகையாலும் நீக்குங்கள். அருகில் பீடி, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. தண்டவாளத்தின் மேல் உப்புத்தாளோ எமரித் தாளோ தேய்க்க வேண்டாம். அதன் துகள் இரும்பில் பதிந்து, சாடில் நகரும் ஒவ்வொரு முறையும் அரத்தைப் போல அராவும். மேல்துருவை எண்ணெய் தடவிப் பித்தளைத் தகட்டால் சுரண்டினாலே வந்துவிடும். அடிபட்ட இடத்தில் எழும்பிய பிசிறை மட்டும் மெல்லிய தீட்டுக்கல்லால் எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்க்கலாம்.

கடுந்துரு ஏறிய சிறிய இரும்புப் பாகங்களுக்கு ஓர் எளிய முறை உண்டு. பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு நீரில் அமிழ்த்த வேண்டும். சில மணி நேரத்தில் துரு தளர்ந்துவிடும். தகடாக எவர்சில்வரைப் பயன்படுத்தக் கூடாது. நஞ்சுள்ள குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். தீ அருகில் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகே கையை விட வேண்டும். ஸ்பிரிங்குகளையும், அலுமினிய, பித்தளைப் பாகங்களையும் இம்முறையில் சுத்தம் செய்ய வேண்டாம். எடுத்தவுடன் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் மறுபடியும் துரு பிடிக்கும்.

பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காமல் நனைத்துச் சுரண்டி எடுங்கள். குழந்தைகளை அண்ட விட வேண்டாம். புதுப்பூச்சு கடைசி வேலை. அது இல்லாமலும் லேத் ஓடும்.

மட்டம் பார்த்தல்

லேத்தைச் சீர்செய்வதில் முதன்மையான வேலை இதுவே. தளம் சிறிது முறுக்கிக்கொண்டு நின்றாலும், நேராகக் கடைய வேண்டிய ஷாப்ட் ஒருபக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் வரும். பழைய லேத் தேய்ந்துவிட்டது என்று தள்ளப்படுவதற்கு இந்த முறுக்கே பலமுறை காரணமாக இருக்கிறது.

கொத்தனாரின் ரசமட்டம் தொடக்கத்திற்கு மட்டுமே உதவும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் இயந்திர ரசமட்டத்தை இரவலாகப் பெற முடிந்தால், அதைத் தளத்தின் குறுக்கே தலைப்பக்கத்தில் ஒருமுறையும் வால்பக்கத்தில் ஒருமுறையும் வைத்துப் பாருங்கள். இரண்டிடத்திலும் ஒரே அளவு காட்டும்வரை கால்களின் அடியில் மெல்லிய தகடு கொடுக்க வேண்டும்.

கருவி இல்லாதவர்கள் கடைந்து பார்த்தே அறியலாம்.

முதல் படி: 30 முதல் 40 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டைச் சக்கில் பிடித்து, 120 மி.மீ. நீளம் வெளியே நிற்கச் செய்யுங்கள். டெயில்ஸ்டாக்கால் தாங்கக் கூடாது.

இரண்டாம் படி: இரு முனைகளிலும் ஒரு விரற்கடை அகலத்தை விட்டு நடுப்பகுதியைச் சற்றுத் தாழக் கடையுங்கள்.

மூன்றாம் படி: வெட்டுளியின் அளவை மாற்றாமல் இரு முனைகளிலும் மெல்லியதாக ஒரு வெட்டு விட்டு, மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளவுங்கள்.

நான்காம் படி: வெளிமுனை பருத்திருந்தால், வால்பக்கத்தில் இயக்குபவர் நிற்கும் பக்கத்துக் காலின் அடியில் தகடு கொடுத்து உயர்த்துங்கள். வெளிமுனை சிறுத்திருந்தால் அதே கோடியில் பின்பக்கத்துக் காலை உயர்த்துங்கள். மறுபடியும் கடைந்து அளவுங்கள்.

100 மி.மீ. நீளத்திற்கு 0.02 மி.மீ. வேறுபாடு வரை வந்துவிட்டால் பண்ணை வேலைக்கு அதுவே போதும். இந்தச் சோதனை முடிந்த பிறகே டெயில்ஸ்டாக்கைச் சரிசெய்ய வேண்டும். முறை மாறினால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்ததாக ஆகும். புதிய கான்கிரீட் சற்று அமுங்கக்கூடும். ஆகவே ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

எண்ணெயிடுதல்

எண்ணெய்த் துளைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். சில பூச்சால் மூடப்பட்டிருக்கும். அவற்றைத் தேடிக் கம்பியால் திறந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுங்கள். எண்ணெய்த் துளையில் கிரீஸ் அடைக்கக் கூடாது. புஷ் வகை ஸ்பிண்டிலுக்கு 32 எண் கொண்ட மெல்லிய எண்ணெயும், தண்டவாளங்களுக்கும் வெளிப் பற்சக்கரங்களுக்கும் 68 எண் கொண்ட எண்ணெயும் ஏற்றவை. டிராக்டரிலிருந்து வடித்த எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள கரியும் இரும்புத் தூளும் பேரிங்கைத் தின்றுவிடும்.

வேலை தொடங்குமுன் எண்ணெயிடுவதும், முடித்தபின் சுருள்களைத் தூரிகையால் துடைத்துத் தண்டவாளத்தில் எண்ணெய் பூசுவதும் வழக்கமாக வேண்டும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியே நல்லது.

முதல் ஓட்டம்

முதலில் சக்கைக் கையால் பல சுற்று சுற்றிப் பாருங்கள். பின்னர் குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் வெறுமனே ஓட விட்டு நிறுத்தி, ஸ்பிண்டில் பேரிங் உள்ள இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் மிகுதியாக இறுகியுள்ளது, அல்லது எண்ணெய் போகவில்லை. சரிசெய்யாமல் மீண்டும் ஓட்ட வேண்டாம்.

சாதாரண ஹைஸ்பீடு எஃகு வெட்டுளிக்கு ஏற்ற சுற்றுகள் வருமாறு. லேத்தில் இதே வேகம் இல்லையென்றால் அடுத்த குறைந்த வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்னிரும்பு: 25 மி.மீ. விட்டத்திற்கு நிமிடத்திற்கு 380 சுற்று, 50 மி.மீ. விட்டத்திற்கு 190 சுற்று.
வார்ப்பிரும்பு: 25 மி.மீ.க்கு 250 சுற்று, 50 மி.மீ.க்கு 125 சுற்று.
வெண்கலம், பித்தளை: 25 மி.மீ.க்கு 570 சுற்று, 50 மி.மீ.க்கு 285 சுற்று.

வெட்டுளியின் முனை தண்டின் மையத்திற்கு நேராக இருக்க வேண்டும். லேத் நின்றிருக்கும்போது மெல்லிய எஃகு அளவுகோலைத் தண்டுக்கும் வெட்டுளி முனைக்கும் இடையே மெதுவாக நெருக்கிப் பாருங்கள். அளவுகோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. சாய்ந்தால் வெட்டுளியை ஏற்றவோ இறக்கவோ வேண்டும்.

செய்யத்தக்க வேலையும் தகாத வேலையும்

புஷ் கடைதல், பம்பு ஸ்லீவ், கலப்பைப் பின், வாஷர், புல்லியின் துளையைப் பெரிதாக்கல், தேய்ந்த முகத்தைச் சமன்செய்தல் ஆகியவை வீட்டு லேத்தில் செய்யத்தக்கவை. புஷ் கடையும்போது உள்துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும். கழற்றி மாற்றிப் பிடித்தால் இரண்டின் மையமும் ஒத்துவராது. 25 மி.மீ. ஷாப்டுக்கு உள்துளையில் 0.03 முதல் 0.05 மி.மீ. இடைவெளி விடலாம். புஷ்ஷை இறுக்கமாக அழுத்திப் பொருத்தினால் உள்துளை சற்றுச் சுருங்கும். பொருத்திய பின் மீண்டும் அளவுங்கள்.

பேரிங் அமரும் இடத்தைக் கடைவது வேறு வகை வேலை. 6205 எண் பேரிங்கின் உள்துளை 25 மி.மீ. அது அமரும் ஷாப்ட் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். தேய்ந்த லேத்தில் இதற்கு முயல வேண்டாம். தளர்ந்த ஷாப்டில் பஞ்சால் குத்திப் புள்ளியிட்டுப் பேரிங்கைப் பொருத்துவது சில இடங்களில் வழக்கம். அப்புள்ளிகள் சில நாளில் அமுங்கிப் பேரிங் மறுபடியும் சுழலும்; முடிவில் மோட்டார் சுருளே எரியக்கூடும். இத்தகைய ஷாப்டையும், கிராங்க் ஷாப்டையும், எடைச் சமன் பார்க்க வேண்டிய இம்பெல்லரையும் நகரத்துப் பட்டறைக்கே அனுப்புங்கள்.

கையைக் காக்கும் விதிகள்

லேத் வேகமாக ஓடுவதாகத் தோன்றாது. அதனாலேயே ஆபத்து மிகுதி. சக்கில் சிக்கிய துணி, கையையும் சேர்த்தே இழுக்கும். மோட்டார் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

1. வேட்டி, லுங்கி, தோள்துண்டு, தொங்கும் சட்டைக்கை ஆகியவற்றுடன் லேத்தின் அருகில் போகக் கூடாது. கால்சட்டையும் கையை மடித்த சட்டையும் அணியுங்கள். பெண்கள் இயக்கினால் முந்தானை, துப்பட்டா, தொங்கும் பின்னல் ஆகியவை இருக்கக் கூடாது.
2. மோதிரம், கைக்கயிறு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.
3. லேத் வேலையில் கையுறை அணியக் கூடாது. அது பாதுகாப்பன்று, கையை இழுத்துச் செல்லும் கயிறு.
4. கண்ணாடி அணியாமல் சக்கைச் சுழல விடாதீர்கள்.
5. சக் சாவியைக் கையிலிருந்து விடுவது அதன் ஆணியில் மாட்டும்போது மட்டுமே. சக்கில் விட்டு ஓட்டினால் அது எறிகல்லாகப் பாயும்.
6. சுருள்களைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியைப் பயன்படுத்துங்கள்.
7. சுழலும் தண்டை எமரித் தாளால் சுற்றிப் பிடிக்கக் கூடாது.
8. பெல்ட்டுக்கும் பற்சக்கரங்களுக்கும் மூடி இருக்க வேண்டும். பட்டறைக்குக் கதவும் பூட்டும் வேண்டும். சிறுவர் தனியே நுழையக் கூடாது.

முடிவாக

பழைய லேத்தைச் சீர்செய்யப் பெரும் பணம் தேவையில்லை. பொறுமையும் அளவுப் பழக்கமுமே தேவை. தளமும் ஸ்பிண்டிலும் நன்றாக உள்ளதைத் தேர்ந்து வாங்கி, சுத்தம் செய்து, மட்டம் பார்த்து, எண்ணெயிட்டு வந்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும். முதல் ஒரு மாதம் பழைய இரும்புத் துண்டுகளையே கடைந்து பழகுங்கள். பாசனம் நிற்கும் நாளில் கற்கத் தொடங்க வேண்டாம். கோடை முடிவதற்குள் தங்கள் பம்பின் ஸ்லீவ், புஷ் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுப் பொருளைக் கடைந்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கும் உழவர், பருவத்தில் பயிருக்குத் தண்ணீர் தடையின்றிக் கொடுத்துப் பயன் பெறலாம்.